மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டைமர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் டைமர் வாங்க நினைப்பவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது சோலனாய்டு வால்வா, பால் வால்வா? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எதுவும் இதற்குப் பதில் சொல்லாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், எவ்வளவு நீரழுத்தத்தில் இது வேலை செய்யும் என்று ஒரு வரி இருக்கும். அது 0 பாரில் தொடங்கினால் வாங்கலாம். 0.5 பாரிலோ 1 பாரிலோ தொடங்கினால் நம் ஊர் மொட்டை மாடிக்கு அது ஆகாது.

நான் இங்கே எழுதுவது பால் வால்வு வகை டைமர் ஒன்றைப் பற்றியும், அதோடு சேர்த்து விற்கிற சொட்டுநீர்க் குழாய்ப் பெட்டியைப் பற்றியும். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் கத்திரி வெயிலிலும், பிறகு வந்த ஐப்பசி மழையிலும் இந்த டைமர் ஓடியது, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கத்தரி, தக்காளி, வெண்டை, ஒரு பாகற்கொடி, கீரைத் தொட்டிகள், துளசி, கறிவேப்பிலை என்று வழக்கமான வீட்டுத் தோட்டம்தான். டைமரின் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த பெட்டி இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. இன்று ஒரு பெயரில் கிடைப்பது ஆறு மாதம் கழித்து வேறு பெயரில் இருக்கும். பெயரை வைத்துத் தேடுவதைவிட உள்ளமைப்பைப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

அழுத்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். வயலில் மோட்டார் போட்டுச் சொட்டுநீர் விடும் விவசாயிக்கு இந்த 1 பார் சுலபம். மாடி வீடுகளில் கீழ்த்தளத்துக் குளியலறையில் ஷவர் நன்றாக வருவதற்கும் டேங்கின் உயரமே காரணம். மொட்டை மாடியில் இருக்கும் செடிக்கு அந்த உயரம் கிடைப்பதில்லை. படிக்கட்டு அறைக்கு மேலே டேங்க் வைத்திருக்கும் வீடுகளில் சுமார் 3 மீட்டர், அதாவது 0.3 பார் கிடைக்கும். மாடித் தரையிலேயே செங்கல் மேடை கட்டி டேங்க் வைத்திருக்கும் வீடுகளில், டேங்க் நிரம்பியிருந்தாலும் 0.15 பார், அதிகம் போனால் 0.2 பார். தண்ணீர் இறங்க இறங்க அதுவும் குறையும்.

சோலனாய்டு வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. மின்காந்தம் திறப்பது சின்னத் துளை ஒன்றைத்தான். அதன் பிறகு சவ்வைத் தூக்கும் வேலையையும், மூடும்போது அதை அழுத்திப் பிடிக்கும் வேலையையும் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமே செய்கிறது. அழுத்தம் போதாவிட்டால் வால்வு திறந்தும் திறக்காமல் நிற்கும். மூடியும் மூடாமல் நிற்பது அதைவிட மோசம். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த ஒரு சோலனாய்டு டைமரை எங்கள் மாடிக் குழாயில் மாட்டிப் பார்த்தேன். குறித்த நேரத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது; தண்ணீர் நூலாக வந்தது. மூடும் நேரத்தில் இன்னொரு ‘டக்’. அதற்குப் பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை. ராத்திரி முழுக்க இப்படி ஒழுகினால் விடியும்போது டேங்கில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. அந்த டைமரைக் குறை சொல்ல முடியாது. கீழே, அழுத்தம் நன்றாக இருக்கும் முன்வாசல் குழாயில் மாட்டியதும் அது ஒழுங்காக வேலை செய்தது. தனி வீட்டில் தரையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது போதும், விலையும் குறைவு.

பால் வால்வு டைமரில் ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள் வழியாக, நடுவில் துளையிட்ட உருண்டை ஒன்றைக் கால் வட்டம் திருப்புகிறது. துளை குழாயின் திசைக்கு வந்தால் தண்ணீர் ஓடும். குறுக்கே திரும்பினால் நிற்கும். அழுத்தத்தின் தயவு இதற்கு வேண்டியதில்லை. குழாயில் தண்ணீரே இல்லாவிட்டாலும் திறக்கும், மூடும். கடையிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். பேட்டரி போட்டுக் கையால் திறக்கும் பட்டனை அழுத்துங்கள். ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் என்றால் சோலனாய்டு. சில விநாடிகள் ‘ர்ர்ர்’ என்று மோட்டார் சுற்றினால் பால் வால்வு. தண்ணீர் வெளியேறும் வாய் வழியாக எட்டிப் பார்த்தால் உருண்டை திரும்புவதே கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் வாங்குபவர்கள் விவரப் பட்டியலில் 0 பார் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். எனக்கு இது இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைத்தது.

மாட்டுவதற்கு பிளம்பர் தேவையில்லை. டைமரின் வாய் முக்கால் அங்குல மரை. நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குலம். பெட்டிக்குள்ளேயே முக்காலை அரையாக்கும் பிளாஸ்டிக் அடாப்டர் இருந்தது. ஹோஸ் செருகுவதற்காகக் குழாய் முனையில் இருக்கும் நாஸிலைக் கழற்றினால் மரை தெரியும். அதில் அடாப்டர் ஏறினால் வேலை முடிந்தது. ஏறாவிட்டால் ஹார்டுவேர் கடையில் பித்தளை நிப்பிள் ஒன்று வாங்கி நடுவில் போட வேண்டும். ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள். டைமரின் மரை பிளாஸ்டிக். முறுக்கினால் விரிசல் விடும். இங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வாஷர். ஒழுகினால் இன்னும் இறுக்குவதை விட்டுவிட்டுக் கழற்றி, வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டேஃப்லான் டேப் பித்தளை மரைக்கு மட்டும் போதும். டைமருக்குக் கீழே தொங்கும் குழாயின் கனம் மரையை இழுக்காமல் இருக்க, குழாயைச் சுவரில் ஒரு கிளாம்ப் அடித்துத் தாங்க வேண்டும். வாய்க்குள் இருக்கும் குட்டிக் கம்பி வலையை எடுத்து எறிந்துவிடாதீர்கள். டேங்கின் அடியில் தங்கும் மண்ணும் பாசியும் உருண்டைக்குள் புகாமல் காப்பது அதுதான்.

நேரம் குறிக்கும் முறையில் இரண்டு வகை உண்டு. திரை வைத்த வகையில் எந்த மணிக்குத் தொடங்க வேண்டும், எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று எண்ணாகவே கொடுக்கலாம். குமிழ் வகையில், எத்தனை மணிக்கு ஒரு முறை என்று ஒரு குமிழ், எத்தனை நிமிடம் என்று இன்னொரு குமிழ், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருப்பது திரை வகை. தங்கை வீட்டில் குமிழ் வகை. அம்மாவுக்குக் குமிழ் வகைதான் பிடித்திருக்கிறது. கண்ணாடி தேடாமல் திருப்பிவிடலாம். ஆனால் குமிழ் வகை வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். குமிழைத் திருப்பி வைத்த நேரத்திலிருந்தே அது கணக்கிடத் தொடங்குகிறது. உச்சி வெயிலில் பேட்டரி மாற்றிவிட்டு வந்தால் மறுநாளும் உச்சி வெயிலில்தான் தண்ணீர் விடும். காலை 6 மணிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் காலை 6 மணிக்குப் போய்க் குமிழைத் திருப்ப வேண்டும். இந்த விவரம் கூட வரும் தாளில் எங்கோ ஒரு மூலையில் ஆங்கிலத்தில் இருக்கிறது. இங்கே விற்கிற பொருளுக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துத் தந்தால் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் இதைப் பயன்படுத்துவார்கள்.

டைமரோடு சேர்த்து விற்ற குழாய்ப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் இருப்பது முழுக்க முழுக்க மெல்லிய 4 மி.மீ. குழாய். முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிவரை அதிலேயே தண்ணீர் ஓட வேண்டும். மோட்டார் அழுத்தத்தில் ஓடலாம். மாடி டேங்கில் பாதி தூரத்திலேயே தண்ணீர் சோர்ந்துவிடுகிறது. சிவப்புத் தலை வைத்த, திருகிக் கூட்டிக் குறைக்கும் ட்ரிப்பர்களையும் கொடுத்திருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் குழாய் ஓரமாக இருக்கும் முதல் நான்கைந்து ட்ரிப்பர்கள் வரும் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. கடைசியில் இருக்கும் வெண்டைக்கு ஒன்றும் போவதில்லை. முன்னால் இருப்பதைத் திருகிக் குறைத்தால் ஒரு வாரத்தில் உப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது.

விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பொருள் விற்கும் கடைக்குப் போங்கள். மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், உடுமலை என்று தோட்டப் பயிர் உள்ள எந்த ஊரிலும் பஸ் நிலையத்தைச் சுற்றி இந்தக் கடைகள் இருக்கின்றன. நான் போன கடையில் அரை அங்குலக் குழாய் கேட்டதும் பெரியவர் ஒருவர், “வயலுக்காம்மா, மாடிக்கா?” என்றார். மாடிக்கு என்றதும் கையில் எடுத்த ட்ரிப்பர் பையைத் திரும்ப வைத்துவிட்டார். “டேங்க் தண்ணிக்கு இது சரியா வராதும்மா. மைக்ரோ டியூப் எடுத்துக்கங்க. அடைச்சுக்கிட்டா வாயால ஊதி விட்டாப் போதும்.” என் மாடித் தோட்டத்துக்கு யாரும் சொன்னதில் மிகப் பயனுள்ள யோசனை அது.

மைக்ரோ டியூப் என்பது உள்விட்டம் 1.2 மி.மீ. அளவுள்ள கறுப்புக் குழாய். சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமன். அதற்கு ட்ரிப்பரே வேண்டாம். நீளமான அந்தக் குறுகிய குழாயின் உராய்வே தண்ணீரைக் கட்டுப்படுத்திச் சொட்டாக்குகிறது. நீளம் கூடினால் சொட்டு குறையும். நறுக்கிக் குறைத்தால் கூடும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நீளத்தில் வெட்டினால் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர். சிறு விவசாயிகளுக்காக ஐ.டி.இ. அமைப்பு இந்தியாவில் பரப்பிய வாளிச் சொட்டுநீர், டிரம் சொட்டுநீர்ப் பெட்டிகள் இந்த முறையில் அமைந்தவைதான். ஒரு மீட்டர் அளவு உயரத்தில் டிரம்மை வைத்து, பம்ப் இல்லாமல், காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டார்கள். நம் மாடி டேங்கும் உண்மையில் ஒரு பெரிய டிரம்தான். அங்கே எடுபட்ட முறை இங்கேயும் எடுபடுகிறது.

வழக்கமான ட்ரிப்பர் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதன் மேல் 4 லிட்டர் என்று போட்டிருந்தால், 1 பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று பொருள். அழுத்தம் கால் பங்கானால் தண்ணீர் பாதியாகும். 0.25 பாரில் மணிக்கு 2 லிட்டர், 0.1 பாரில் ஒன்றேகால் லிட்டர். பத்து நிமிடம் ஓடவிட்டுவிட்டு, பெட்டியில் போட்ட கணக்கை நம்பி இருந்தால் செடி வாடும். அழுத்தத்தைச் சமன் செய்யும் விலை உயர்ந்த ட்ரிப்பர்கள் இன்னும் மோசம். அவை வேலை செய்யத் தொடங்குவதற்கே நம் டேங்க் தருவதைவிட அதிக அழுத்தம் வேண்டும்.

குழாய் போடுவதில் நான் முழு மனதோடு சொல்வது இது: நடுக்குழாய் 16 மி.மீ. கறுப்பு லேட்டரலாக இருக்கட்டும். மாடியைச் சுற்றிக் கொண்டுபோய், எண்ட் கேப் போட்டு முடிக்காமல், தொடங்கிய இடத்திலேயே ஒரு டீ வைத்துச் சேர்த்து வளையமாக்குங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் இருந்து வருவதால் கடைசித் தொட்டி என்று ஒன்று இல்லாமல் போகிறது. குழாய் தரையோடு போக வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி இறக்கினால் மேட்டில் காற்று தங்கிக்கொள்ளும். இந்தச் சின்ன அழுத்தத்துக்கு அந்த ஏர் லாக்கைத் தள்ள வலு இல்லை. டேங்க் காலியாகித் திரும்ப நிரம்பிய நாட்களில் இது நன்றாகத் தெரியும். கதவருகே குழாயைத் தாண்ட வேண்டியிருந்தால், மேலே தூக்காமல் நிலைப்படி ஓரமாகச் சுற்றிவிடுங்கள். உள்ளே தண்ணீர் தெரியும் வெள்ளைக் குழாய் வேண்டாம். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். பாசி மைக்ரோ டியூபை அடைக்கும். லேட்டரல் மீட்டர் கணக்கில் மலிவாகவே கிடைக்கிறது. ஜாயின்டர், எல்போ, டீ, 120 மெஷ் வடிகட்டி ஒன்று, மெல்லிய பஞ்ச் ஒன்று, எல்லாம் அதே கடையில் வாங்கிவிடலாம். லேட்டரலைச் சிறிது நேரம் வெயிலில் போட்டால் சுருள் நிமிரும்; முனையை வெந்நீரில் முக்கினால் ஜாயின்டர் சிரமமில்லாமல் ஏறும்.

எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பதை டம்ளர் வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். ஒரு மைக்ரோ டியூபின் வாயை டம்ளருக்குள் விட்டு 6 நிமிடம் பிடித்து, கிடைத்ததைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு. 200 மில்லி கிடைத்தால் மணிக்கு 2 லிட்டர். டேங்க் நிரம்பியிருக்கும்போது ஒரு முறையும், கால் டேங்க் இருக்கும்போது ஒரு முறையும் பிடித்துப் பாருங்கள். தரையோடு டேங்க் உள்ள வீடுகளில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுக்குப் பாதி வித்தியாசம் வரும். ஆகவே மோட்டார் போட்டு டேங்க் நிரம்பிய பிறகு வரும் நேரமாகப் பார்த்து டைமரில் குறிக்க வேண்டும். கத்திரி வெயிலில், காய் பிடித்த கத்தரிக்கும் தக்காளிக்கும் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வேண்டும். அதை ஒரே தடவையில் ஊற்றினால் தென்னை நார்க்கழிவு கலந்த பையில் பாதி அடியில் வழிந்து போகும். காலை 6 மணிக்கு ஒரு பங்கு, மாலை 5 மணிக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் வேர் இருக்கும் இடத்திலேயே ஈரம் நிற்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளை வாங்கியவர்களுக்கு இது முக்கியம். அதில் வருவது நார்க்கழிவுக் கட்டிதான். நடுப்பகலில் மட்டும் ஓடவிடாதீர்கள். கறுப்புக் குழாயில் நின்ற தண்ணீர் மே மாதத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். பாகல், பீர்க்கு மாதிரிக் கொடிகளுக்கு ஒரு தொட்டிக்கு இரண்டு மைக்ரோ டியூப். துளசிக்கு ஒன்றே நீளமாக.

வெயில் இந்த டைமரின் பெரிய எதிரி. நேர் வெயிலில் இருந்த நாட்களில் திரை முழுக்கக் கறுத்து எண்ணே தெரியவில்லை. சாயங்காலம் சூடு தணிந்ததும் தெளிந்துவிட்டது. நேரக் கணக்கும் தவறவில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் இப்படி வெந்தால் நாளாக நாளாக நொறுங்கும். டேங்கின் நிழலிலோ, ஓடு ஒன்றைச் சாய்த்து அதன் நிழலிலோ வைக்க வேண்டும். பேட்டரிக்கு ஆல்கலைன் வாங்குங்கள். ரீசார்ஜ் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், நிரப்பி வைத்த சில நாட்களிலேயே பேட்டரி தீர்ந்ததாகக் காட்டுகிறது. இதில் உண்மையான ஆபத்து ஒன்றும் உண்டு. வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்தால், மூடுவதற்கு மோட்டாருக்கு வலு இருக்காது, திறந்தபடியே நிற்கும். பேட்டரி இறங்கும்போதே வால்வை மூடிவிடும் வசதி சில டைமர்களில் இருக்கிறது. வாங்கும்போது அதையும் கேளுங்கள். ஊருக்குப் போவதற்கு முன் புதுப் பேட்டரி போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

மழை பெய்தால் நிறுத்தி வைக்க 24, 48, 72 மணி என்று பட்டன் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதை மறுபடி மறுபடி அழுத்துவதைவிட டைமரையே அணைத்து வைப்பது மேல்.

வைஃபை வகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் டைமரோடு ஒரு கேட்வே பெட்டியும் வாங்க வேண்டியிருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். கீழ்த்தள ஹாலில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் சரியாக வருவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே பெற்றோர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நல்ல ஆசை. அந்தப் பணத்தில் நல்ல வடிகட்டி ஒன்று வாங்கித் தந்தால் தோட்டத்துக்கு அதிகம் உதவும்.

போர்வெல் தண்ணீர் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். மைக்ரோ டியூப் முனையில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து ஊதினால் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டாம். அது செடிக்கும் ஆகாது, டைமருக்கும் ஆகாது. பஞ்சகவ்யமோ ஜீவாமிர்தமோ இந்தக் குழாய் வழியாக விட ஆசைப்படாதீர்கள். வடிகட்டினாலும் அடைக்கும். அவற்றைக் குவளையால் ஊற்றுவதே சரி; செடியைப் பக்கத்தில் நின்று பார்க்கவும் அது ஒரு சந்தர்ப்பம்.

வீட்டார் உடல்நலத்தைத் தொடும் விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. மைக்ரோ டியூபின் வாயை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். குச்சி நட்டு, மண்ணுக்கு மேலே தொங்கும்படி கட்டுங்கள். டேங்க் காலியாகும்போது கீழ்த்தளத்தில் யாராவது குழாயைத் திறந்தால், தோட்டத்துக் குழாயிலிருந்து மண் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வீட்டுக் குழாய்க்கு வர வாய்ப்பு உண்டு. மற்றது, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. தினமும் தானாகத் தண்ணீர் விழும் தோட்டத்தில் அந்தத் தட்டு காய்வதே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அப்படித் தேங்கும் தெளிந்த நீரே போதும். தட்டுகளை எடுத்துவிட்டுத் தொட்டிகளைக் கம்பி ஸ்டாண்டில் வையுங்கள், தளமும் ஊறாது.

பால் வால்வு டைமரை வாங்கலாம். நான் தயங்காமல் சொல்வேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்து பார்த்தபோது செடிகள் வாடாமல் நின்றன. அந்த ஒரு வேலைக்கே போட்ட பணம் தகும். கூட வரும் குழாய்ப் பெட்டியை விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு லேட்டரலும் மைக்ரோ டியூபும் விவசாயக் கடையில் வாங்குங்கள். ஏழெட்டுத் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. ஒரு குடம் தண்ணீர் போதும். டேங்க் மாடித் தரையிலேயே, மேடைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகளில் முதல் செலவு டைமர் அல்ல. கொத்தனாரைக் கூப்பிட்டு, டேங்கை மூன்று அடி தூக்கி வைக்க மேடை கட்டுங்கள். டைமரை அதற்கப்புறம் வாங்குங்கள்.